அத்தியாயம் 6: ரிம்மை ஒரு அங்குலம் ஏற்றும் முன்

14 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 15 போடலாமா, 15 இருக்கும் வண்டிக்கு 16 தாங்குமா, ஒரேயடியாக 17-க்குப் போய்விட்டால் என்ன? பழைய டயர் தேய்ந்து புது டயர் வாங்கும் வேளையில் கார் வைத்திருப்பவர் பலருக்கும் வரும் ஆசை இது. ஆசையில் தவறு எதுவும் இல்லை. அளவான அலாய் வீல் மாட்டியதும் வண்டி நிமிர்ந்து நிற்பது யார் கண்ணுக்கும் தெரியும். தினமும் பார்க்கிற, பல ஆண்டு வைத்திருக்கப்போகிற பொருளுக்கு அழகுக்காகச் செலவு செய்வதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வண்டியில் சாலையைத் தொடுபவை அந்த நான்கு டயர்கள் மட்டுமே. பிரேக், ஸ்டீரிங், சஸ்பென்ஷன், ஸ்பீடோமீட்டர் எல்லாம் அவற்றின் அளவை நம்பித்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் இந்த ஆசையைக் கணக்கோடு நிறைவேற்றிக்கொள்ள வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ச் சாலைகளுக்கு ஒரு அங்குலம் ஏற்றினால் போதும். அதிலும், உங்கள் காரின் விலை கூடிய வகைக்கு அதே நிறுவனம் எந்த அளவைக் கொடுக்கிறதோ அதுவே முதல் தேர்வு. இரண்டு அங்குலம் ஏற்றி நிம்மதியாக ஓட்டத் தகுந்த சாலை வாய்த்தவர்கள் மிகக் குறைவு.

டயர்மேல் எழுதியிருப்பது

கடைக்குப் போகும் முன் உங்கள் டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். 185/65 ஆர்15 88ஹெச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் இது மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்பது ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது சுமைக் குறியீடு: அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். ஹெச் என்பது வேகக் குறியீடு: மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. டி என்றால் 190, வி என்றால் 240.

பலர் குழம்புவது அந்த நடு எண்ணில்தான். 65 என்பது சதவீதம் என்பதால், அகலத்தைக் கூட்டினாலே பக்கச்சுவரின் உயரமும் தானாகக் கூடிவிடும். 185/65-க்குப் பதிலாக 205/65 போட்டால் டயர் அகலமாவதோடு உயரமாகவும் ஆகிவிடுகிறது. ‘கொஞ்சம் அகலமா போடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர்களின் வண்டி மட்கார்டில் உரசுவது இதனால்தான்.

மொத்த உயரம் மாறக்கூடாது

ரிம் எவ்வளவு பெரிதானாலும், டயரும் ரிம்மும் சேர்ந்த மொத்த விட்டம் ஏறக்குறைய பழையபடியே இருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதானால் இதைச் செய்யுங்கள். விட்டத்தைக் கண்டுபிடிக்கக் கைபேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும். ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்குங்கள். டயர் அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி, வந்ததை இரட்டித்துக்கொள்ளுங்கள். பக்கச்சுவர் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கிறதல்லவா? இரண்டையும் கூட்டினால் மொத்த விட்டம் மில்லிமீட்டரில் வந்துவிடும்.

நம் சாலைகளில் அதிகம் பார்க்கிற மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த ஸ்விஃப்டில் விலை குறைந்த வகைகளுக்கு 165/80 ஆர்14, விலை கூடிய வகைகளுக்கு 185/65 ஆர்15. முதலாவதில் ரிம் 355.6 மி.மீ., இரு பக்கச்சுவர்கள் 264 மி.மீ.; மொத்தம் 619.6. இரண்டாவதில் ரிம் 381, பக்கச்சுவர்கள் 240.5, மொத்தம் 621.5. வித்தியாசம் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. ரிம்மை ஓர் அங்குலம் ஏற்றிய நிறுவனம், அதே அளவுக்குப் பக்கச்சுவரைக் குறைத்து மொத்த விட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறது. மஹிந்திரா எக்ஸ்யூவி700-இலும் இதே கதைதான். 235/65 ஆர்17-இன் விட்டம் 737.3, 235/60 ஆர்18-இன் விட்டம் 739.2. தொழிற்சாலையில் பொறியாளர்கள் பின்பற்றும் முறை இது. கடையில் நாமும் இதையே பின்பற்ற வேண்டும்.

இப்போது 15 அங்குல ஸ்விஃப்ட் வைத்திருப்பவர் 16-க்குப் போக நினைக்கிறார். 195/55 ஆர்16 எடுத்தால் விட்டம் 620.9. அச்சு அசலாகப் பழைய அளவு. 17-க்கு 205/45 எடுத்தால் 616.3, இதுவும் கணக்கில் அடங்கும், 0.8 சதவீதம்தான் குறைவு. ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் அகலமாக்கி 205/65 ஆர்15 போட்டால் 647.5, அதாவது 4 சதவீதத்துக்குமேல் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-இல் போய்க்கொண்டிருக்கும். முதல் கியரின் இழுவையும் அதே அளவுக்குக் குறையும். மலைப்பாதையில் முழுச் சுமையோடு ஏறும்போது அது கால் வழியாகவே தெரியும். எந்த மாற்றமானாலும் 2 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது, ஒன்றுக்குள் நின்றால் இன்னும் நல்லது.

வண்டியின் அடிவயிறு உயரட்டும் என்று ரிம்மைப் பெரிதாக்குகிறவர்களும் உண்டு. மொத்த விட்டத்தைக் காப்பாற்றினால் அடிவயிறு ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. விட்டத்தை 26 மி.மீ. கூட்டினாலும் உயர்வது அதில் பாதி, 13 மி.மீ. மட்டுமே. வேகத்தடையில் அடிபடுகிற வண்டிக்கு ரிம் மருந்தாகாது.

குறைவது காற்று

மொத்த விட்டம் மாறாமல் ரிம் பெரிதானால் எது குறைகிறது? காற்று நிற்கும் இடம். ஸ்விஃப்டின் 14 அங்குல டயரில் பக்கச்சுவர் 132 மி.மீ. உயரம். 15-இல் 120. 16-இல் 107. 17-இல் 92. சாலையின் அடி முதலில் விழுவது இந்தப் பக்கச்சுவரில்தான். அது நசுங்கி, மீண்டு, மிச்சத்தை மட்டும் சஸ்பென்ஷனிடம் ஒப்படைக்கிறது. நசுங்குவதற்கு இடம் குறைந்தால் அடி நேராக ரிம்முக்கும், அங்கிருந்து ஷாக் அப்சார்பருக்கும், கடைசியில் உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கும் போகும்.

அம்பாசடர் காரில் உட்கார்ந்து போன சுகத்தை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் டயர் அளவு 5.90-15. அதாவது ரிம் 15 அங்குலம். இன்றைய ஸ்விஃப்டின் விலை கூடிய வகைக்கு உள்ள அதே ரிம் அளவு. ஆனால் அந்த ரிம்மைச் சுற்றித் தடித்த, உயரமான டயர் இருந்தது. பள்ளத்தை விழுங்கிய பெருமையில் அந்தக் காற்றுக்கும் பெரிய பங்கு உண்டு.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தேங்கிய சாலையில் பள்ளம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குத் தெரியாது. உயரம் குறைந்த டயர் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது, விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. சில நாளில் அந்த இடம் முட்டை போலப் புடைக்கும். ‘டயர் வீங்கிருச்சு’ என்று பஞ்சர் கடையில் சொல்வது இதைத்தான். இதற்கு ஒட்டு கிடையாது, பழுதுபார்ப்பும் கிடையாது. எவ்வளவு புதிய டயராக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். அந்தப் புடைப்போடு புறவழிச்சாலையில் 100-இல் போவது உயிரோடு விளையாடுவது.

வெள்ளை அடிக்காத வேகத்தடைகள் நிறைந்த ஊர்ச்சாலையில் தினமும் போகிறவர், கரடுமுரடான தோட்டப் பாதையில் போகிறவர், பள்ளம் தோண்டி மூடாத நகர்த் தெருவில் குடியிருப்பவர் ஆகியோருக்கு நான் சொல்வது ஒன்றுதான். ரிம்மை மாற்ற வேண்டாம். அந்தப் பணத்தில் பாதியைச் செலவழித்து, பழைய அளவிலேயே சந்தையில் கிடைக்கும் மிகச் சிறந்த டயரை வாங்குங்கள். பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தில் ரிம் ஓர் அங்குலம் கூடுவதைவிட ரப்பரின் தரம் பெரிய மாற்றத்தைச் செய்யும்.

கிடைப்பதும் கொடுப்பதும்

பெரிய ரிம்மால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. பக்கச்சுவர் குட்டையானால் டயர் வளைவில் குறைவாகவே நெளியும். ஸ்டீரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே கேட்கும். வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வித்தியாசத்தை யாரும் உணர முடியும். ஒரே ரப்பர் தரத்தில் வளைவுப் பிடிமானமும் ஓரளவு கூடும்.

இதற்குக் கொடுக்கும் விலையை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் 2010-இல் ஒரே ஃபோக்ஸ்வாகன் கால்ஃப் காரில் 15 அங்குலம் முதல் 19 அங்குலம் வரை ஐந்து அளவு ரிம்களை மாற்றி மாற்றி மாட்டிச் சோதித்தது. வளைவில் பிடிமானம் கூடியது. ஆனால் 15-இல் ஒரு சக்கரம் டயரோடு ஏறக்குறைய 16 கிலோ இருந்தது, 19-இல் ஏறக்குறைய 23 கிலோ ஆனது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 7.6 நொடி எடுத்துக்கொண்ட கார் 7.9 நொடி எடுத்தது. எரிபொருள் சிக்கனம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது. மின்சாரக் காரில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். லூசிட் ஏர் காரின் முதல் பதிப்பு ஒன்றில், அமெரிக்க அரசின் அளவீட்டின்படி 19 அங்குலச் சக்கரத்தோடு ஒரு சார்ஜில் 520 மைல், 21 அங்குலத்தோடு 481 மைல். கார் ஒன்று, பேட்டரி ஒன்று, சக்கரம் மட்டும் வேறு.

சக்கரத்தின் எடை சஸ்பென்ஷனுக்குக் கீழே இருக்கும் எடை. ஸ்பிரிங் அதைத் தாங்குவதில்லை. ஒவ்வொரு குழியிலும் அது துள்ளித் துள்ளி விழும். சுழலவும் வேண்டியிருப்பதால், வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதற்கெனத் தனியாக ஆற்றல் செலவாகும். அலாய் என்றாலே எடை குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். விலை மலிவான வார்ப்பு அலாய் பல, தடிமனாக வார்க்கப்பட்டிருப்பதால், கழற்றிப் போடுகிற இரும்பு டிஸ்க்கைவிடக் கனமாகவே இருக்கும். கடையில் எடை மெஷின் இருந்தால் இரண்டையும் வைத்துப் பாருங்கள். கனம் கூடுகிற ரிம்மை, டிசைன் எவ்வளவு பிடித்திருந்தாலும், நான் ஒதுக்கிவிடுவேன்.

அகலம் கூடினால் மழையில் பிடிப்பு கூடும் என்பதும் தவறான நம்பிக்கை. டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வண்டியின் எடையும் உள்ளிருக்கும் காற்றழுத்தமும். டயர் அகலமானால் அந்தப் பரப்பின் வடிவம் அகலமாகவும் குட்டையாகவும் மாறும், அவ்வளவே. தேங்கிய தண்ணீரை ஒதுக்கித் தள்ள அகலமான டயர் அதிகம் பாடுபட வேண்டும். அதனால் நீர்ப்படலத்தின்மேல் மிதந்து வழுக்கும் ஆபத்து கூடும். தேவைக்குமேல் அகலம் வேண்டாம். ஓர் அங்குலம் ஏற்றும்போது அகலம் 10 மி.மீ. கூடுவது இயல்பு, 30, 40 மி.மீ. கூட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

சுமைக் குறியீட்டில் விட்டுக்கொடுக்காதீர்கள்

பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 185/65 ஆர்15-இல் சுமைக் குறியீடு 88, அதாவது 560 கிலோ. 195/55 ஆர்16-இல் சாதாரண வகைக்கு 87, அதாவது 545 கிலோ. டயர் அகலமாகியும் தாங்கும் எடை குறைந்திருக்கிறது. உள்ளே காற்று குறைந்ததே காரணம். அதே அளவில் எக்ஸ்எல் என்று குறித்த, கட்டமைப்பு வலுவான வகையும் வருகிறது. அதன் குறியீடு 91, தாங்குவது 615 கிலோ. உங்கள் வண்டி 88-இல் வந்திருந்தால் 87-ஐ வாங்காதீர்கள், 91-ஐக் கேட்டு வாங்குங்கள். 15 கிலோதானே என்று தோன்றும். ஐந்து பேரோடு டிக்கியும் நிறைந்து, திடீரென பிரேக் அடிக்கும்போது முன் டயர்கள்மேல் விழும் எடை, வண்டி நிற்கும்போது விழும் எடை அல்ல. எக்ஸ்எல் டயருக்கு வழக்கத்தைவிட 2, 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று வைக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். வேகக் குறியீட்டுக்கும் இதே விதி: வண்டியோடு வந்ததற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும்.

ரிம் பொருந்துகிறதா?

டயர் அளவை முடிவுசெய்த பிறகே ரிம்மைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். டிசைனில் மயங்கி ரிம்மை எடுத்துவிட்டு, அதற்கேற்ற டயரைத் தேடுகிறார்கள்.

முதலில் ரிம்மின் அகலம். 6ஜே என்றால் 6 அங்குல அகலம். ஒவ்வொரு டயருக்கும் பொருந்தும் ரிம் அகலத்துக்கு எல்லை உண்டு. 195/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7 வரை. 6 மிகவும் ஏற்றது. எல்லையின் மேல்முனைக்குப் போனால் டயர் இழுத்துக் கட்டியது போலத் தெரியும். சிலருக்கு அந்தத் தோற்றம் பிடிக்கும். ஆனால் அப்போது ரிம்மின் ஓரம் டயருக்கு வெளியே துருத்தி நிற்கும். நடைபாதைக் கல்லில் முதலில் உரசுவதும் அதுவே.

அடுத்தது பி.சி.டி. நட்டுத் துளைகள் எத்தனை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பதைச் சொல்வது இது. ஸ்விஃப்டுக்கு 4 துளை, 100 மி.மீ. ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 5 துளை, 114.3 மி.மீ. 4 துளை, 98 மி.மீ. உள்ள ரிம்மைக் காட்டி ‘ரெண்டு மில்லிமீட்டர்தான் சார், இறுக்கினா உக்காந்துரும்’ என்று ஒருவர் சொன்னால், அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இறுக்கினால் உட்காரும் என்பது உண்மைதான். ஸ்டட் வளைந்து உட்காரும். ஓடும்போது ஒரு நாள் உடையும்.

நடுத்துளையின் அளவைப் பலர் கேட்பதே இல்லை. ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளிச்சந்தை அலாய் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று 67.1 அல்லது 73.1 மி.மீ. துளையோடு வரும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் தேவை. அது இல்லாமல் மாட்டினால் சக்கரம் மிகச் சரியாக நடுவில் உட்காராது. மணிக்கு 80, 90 தாண்டியதும் ஸ்டீரிங் நடுங்கும். பேலன்சிங் திரும்பத் திரும்பச் செய்தாலும் நடுக்கம் போகாது. விலை அற்பம்தான்; நான்குக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஆஃப்செட். இதில் கொஞ்சம் நேரம் செலவழிப்பது அவசியம். ரிம்மின் அகலத்துக்கு நட்ட நடுவே ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து, ரிம் ஹப்போடு ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். ரிம்மின் பின்புறம் ஈ.டி. என்ற எழுத்துகளோடு அச்சிட்டிருக்கும். நம் சிறிய கார்களில் அந்த முகம் வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே நகரும்.

உங்கள் பழைய ரிம் 5.5ஜே, ஈ.டி.45. கடைக்காரர் காட்டுவது 6.5ஜே, ஈ.டி.38. அகலம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. கூடியிருக்கிறது, அதில் பாதி 12.7 வெளியே, பாதி உள்ளே. ஆஃப்செட் 7 குறைந்திருப்பதால் மொத்தச் சக்கரமும் 7 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளி ஓரம் 19.7 மி.மீ. வெளியே வரும், உள் ஓரம் 5.7 மி.மீ. உள்ளே போகும். மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்துமா, உள்ளே ஷாக் அப்சார்பரையோ பிரேக் ஹோஸையோ தொடுமா என்று இந்த இரண்டு எண்களையும் வைத்து ஸ்கேலால் அளந்து பார்த்துவிடலாம். வெளியே நகர்ந்த சக்கரம் வீல் பேரிங்கின்மேல் கூடுதல் பாரத்தை ஏற்றும். பள்ளமும் மேடும் ஸ்டீரிங்கைக் கையிலிருந்து பிடுங்குவது போல இழுக்கும். பழைய ஆஃப்செட்டுக்கு 5 மி.மீ. இப்படி அப்படி இருக்கும் ரிம்மோடு நிற்பதே என் பரிந்துரை. ஸ்பேசர் வைத்துச் சரிக்கட்டலாம் என்பார்கள். தினசரி ஓட்டும் குடும்பக் காருக்கு அது வேண்டாத வேலை.

நட்டும் முக்கியம். இரும்பு டிஸ்க்குக்கு வந்த நட்டு எல்லா அலாய்க்கும் பொருந்தாது. சில ரிம்மில் நட்டு உட்காரும் இடம் கூம்பாக இருக்கும், சிலவற்றில் உருண்டையாக, சிலவற்றில் தட்டையாக. மரையும் வேறுபடும், சுஸுகிக்கு 12 மி.மீ. ஸ்டட்டில் 1.25 மரை, ஹோண்டாவுக்கும் ஹூண்டாய்க்கும் 1.5. அலாயின் முகம் தடிமனானது என்பதால், ஸ்டட்டில் நட்டுக்குக் கிடைக்கும் மரை குறைந்துவிடும். நட்டைக் கையால் திருகி, எத்தனை சுற்று இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். 1.25 மரையில் பத்துச் சுற்றாவது, 1.5 மரையில் எட்டுச் சுற்றாவது இறங்க வேண்டும்.

எங்கே, எப்படி வாங்குவது

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் பெரிய டயர் கடைகளே அலாயும் விற்கின்றன. எங்கே வாங்கினாலும் ரிம்மைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். அளவு, ஆஃப்செட், தாங்கும் எடை, தரமுத்திரை நான்கும் வார்ப்பிலேயே இருக்க வேண்டும். ஜேடபிள்யூஎல் என்பது இலகு உலோகச் சக்கரங்களுக்கான ஜப்பானியத் தர அடையாளம். அதோடு விஐஏ என்றும் இருந்தால் தனி அமைப்பு ஒன்று சோதித்தது என்று பொருள். தாங்கும் எடையைச் சரிபார்ப்பது எளிது. உங்கள் வண்டியின் எந்த அச்சில் அதிக எடை விழுமோ அதில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்த எண்கள் எதுவுமே இல்லாத ரிம் எவ்வளவு மின்னினாலும் தொடாதீர்கள்.

புதுப்பேட்டையில் பழைய ரிம்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வேறு வண்டியிலிருந்து கழற்றிய நிறுவன ரிம் நல்ல நிலையில் அகப்பட்டால், வெளிச்சந்தைப் புது ரிம்மைவிட அதுவே மேல் என்பேன். ஆனால் டயரை மாட்டும் முன் வெறும் ரிம்மைப் பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டுப் பாருங்கள். கோணல் இருந்தால் கண்ணுக்கே தெரியும். உட்பக்கக் குழாயில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெடித்த அலாயை ஒட்ட வைத்துப் பெயின்ட் அடித்து விற்பது நடக்கிறது. வெல்டிங் செய்த அலாய் எதையும் வாங்கக் கூடாது.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 17 அங்குலச் சிறுகார் அளவுகள் பல அதிகம் விற்பதில்லை. அதனால் கடையில் நெடுநாள் கிடந்தவை கைக்கு வரலாம். அந்த அளவு உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவில் ஒரு டயர் வெடித்து, அதே அளவு கிடைக்க நான்கு நாள் ஆகுமென்றால் என்ன செய்வீர்கள்?

சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதே மாடலின் வேறு வகைக்கு நிறுவனமே கொடுத்த அளவை மாட்டியவர், கேள்வி வந்தால் கையேட்டைக் காட்டிப் பதில் சொல்ல முடியும். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் சக்கரத்துக்கு அப்படிக் காட்ட எதுவும் இருக்காது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பாலிசியில் அலாயைச் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்தில் ரிம் உடைந்தாலோ திருட்டுப் போனாலோ அதன் மதிப்பு உங்களுக்குக் கிடைக்காது. வாரண்டியில் இருக்கும் வண்டியானால், சஸ்பென்ஷன் கோளாறுக்குச் சர்வீஸ் சென்டர் அந்த ரிம்மையே காரணம் காட்டலாம். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

மாட்டும் நாளும் அதற்குப் பிறகும்

முதலில் ஒரே ஒரு முன்சக்கரத்தையும் ஒரு பின்சக்கரத்தையும் மாட்டிப் பாருங்கள். ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, உள்ளே எங்கேயாவது தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, வேகத்தடை ஒன்றில் மெதுவாக ஏறி இறங்குங்கள். மட்கார்டின் உள்விளிம்பில் சாக்பீஸ் தடவி வைத்திருந்தால் உரசல் டயரில் கோடாக விழும். உரசினால் அதே நிமிடம் திருப்பிக் கொடுங்கள். டயர் பூட்டி நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எந்தக் கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டார். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்கிறாரா என்று பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

பேலன்சிங் செய்யும்போது ரிம்மின் உட்பக்கம் ஒட்டும் வெயிட்டையே போடச் சொல்லுங்கள். ஓரத்தில் அடிக்கும் கிளிப் அலாயைக் கீறிவிடும். நட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் அடிக்க விடாதீர்கள். டார்க் ரென்ச்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். சிறிய கார்களுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். புது அலாயில் நட்டு உட்காரும் இடம் சற்று அமுங்கி, பிடி தளரும்.

காற்றை வாரம் ஒருமுறை, காலையில் வண்டி ஓடும் முன் பாருங்கள். பக்கச்சுவர் குட்டையான டயரில் காற்று குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் மத்தியானம் பார்த்து, அழுத்தம் ஏறியிருக்கிறது என்று காற்றை இறக்கிவிடவும் வேண்டாம். சக்கரத்துக்குள் அழுத்தம் காட்டும் சென்சார் இருக்கும் வண்டியானால், அவற்றைப் பழைய ரிம்மிலிருந்து புதியதற்கு மாற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால் பதற வேண்டியதில்லை. விலை கூடிய பல வகைகளுக்கு நிறுவனங்களே சிறிய இரும்பு டிஸ்க்கை ஸ்டெப்னியாகக் கொடுக்கின்றன. மொத்த விட்டத்தைக் காப்பாற்றியிருந்தால் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம். ஆனால் அலாயின் நட்டு அந்த இரும்பு டிஸ்க்குக்குப் பொருந்துமா என்று இப்போதே மாட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால், பழைய நட்டுகள் நான்கை ஒரு துணிப்பையில் போட்டு ஜாக்கியோடு டிக்கியில் வைத்துவிடுங்கள். கழற்றிய நான்கு பழைய சக்கரங்களையும் கடையில் அற்ப விலைக்குத் தள்ளிவிடாமல் வீட்டில் இடம் ஒதுக்கி வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அசல் சக்கரத்தைக் கேட்டு வாங்குவோர் பலர். அலாயைக் கழற்றித் தனியாக விற்றுக்கொள்ளலாம், அதே பி.சி.டி. உள்ள அடுத்த வண்டிக்கு மாட்டியும் கொள்ளலாம்.